7 கிலோவில் ஒரு வாரம்: சிங்கப்பூரிலிருந்து வசந்தகாலப் பயணத்துக்கு மூட்டை கட்டும் முறை

மார்ச் பள்ளி விடுமுறையிலோ, சக்குரா பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்திலோ ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் கிளம்புகிறவர்களுக்கான வழிகாட்டி இது. ஒரு வாரம் முதல் பத்து நாள்வரையான பயணம். செக்-இன் பெட்டி கிடையாது. தலைக்கு மேல் வைக்கும் பை ஒன்று, தோளில் மாட்டும் சிறு பை ஒன்று, அவ்வளவுதான்.

முதன்முறை போகிறவர்கள் மூட்டை கட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் ஒன்று தெரியும். எதை எடுப்பது என்பதைவிட எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். பையைத் திறந்து துணியை அடுக்கி, ஜிப்போடு மல்லுக்கட்டி, கடைசி இரவில் எடை போடுகிறார்கள். தராசு 11 கிலோ காட்டும். அந்தப் பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை வெளியே எடுப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு கைத்தராசு, அளவு நாடா, 1 லிட்டர் ஜிப் பை, 100 மில்லிக்கு மேற்படாத சிறு போத்தல்கள். அப்புறம் இரண்டு வார அவகாசம். ஏன் இரண்டு வாரம் என்பது 2ஆம் படியில் வருகிறது.

1. முதலில் டிக்கெட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் கைப்பை எடை வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எக்கானமி வகுப்பில் கைப்பை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதோடு ஒரு சிறு பை தனியாக உண்டு. ஸ்கூட்டின் எக்கானமியில் கைப்பையும் சிறு பையும் சேர்த்து 10 கிலோ. இரண்டும் ஒரே குழுமம் என்பதால் விதியும் ஒன்றாக இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். போகும்போது ஒரு விமானம், வரும்போது வேறு என்றால், எது குறைவோ அந்த எடைக்கே மூட்டை கட்டுங்கள்.

அடுத்து, வெறும் பையை எடை போடுங்கள். சக்கரம் வைத்த கெட்டியான கைப்பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 7 கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். மென்மையான முதுகுப்பை என்றால் ஒரு கிலோவை ஒட்டி வரும். முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் சக்கரப் பெட்டியை விடவேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு கிலோவைத் துணியில்தான் ஈடுகட்ட வேண்டும் என்பதை இப்போதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கூம் பைகளை இந்தக் கட்டத்தில் யாராவது சிபாரிசு செய்வார்கள். அவை இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. பையில் இடம் மிச்சமிருக்கிறதே என்று இன்னும் நாலு துணி வைக்கத் தோன்றும் என்பதால், எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

2. இரண்டு வாரம் முன்பே அலமாரியைச் சோதியுங்கள்

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். போன பயணத்துக்கு வாங்கிய காலணியும் குளிர்ச்சட்டையும் அலமாரியில் சும்மா இருந்தே கெட்டுப்போகும். காலணியின் நடுப்பகுதியில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும். அங்கே போய் நடக்கத் தொடங்கியதும் அடிப்பாகம் பெயர்ந்து கையோடு வரும். மழைச்சட்டையின் உட்பூச்சும் இப்படித்தான் பிசுபிசுத்து, அப்பளம் போல உரிந்து வரும்.

அதனால் காலணியைப் போட்டுக்கொண்டு ஒரு அரை நாள் வெளியே நடந்து பாருங்கள். தேக்கா சந்தைக்குப் போய் வரலாம். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ பொடியோ தெரிந்தால் அதை மறந்துவிடுங்கள். குளிர்ச்சட்டைகளை வெளியே எடுத்துப் பூஞ்சை வாடை இருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா, எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். துவைத்து உலர்த்தவும், தேவையானால் புதிதாக வாங்கவும் இப்போது நேரம் இருக்கிறது. புதுக்காலணி வாங்கினால் அதைப் பழக்கவும் இந்த இரண்டு வாரம் வேண்டும். டோக்கியோவிலும் சோலிலும் நாள் முழுக்க நடைதான். புதுக்காலணி கடித்தால் பயணமே போச்சு.

3. காலை வெப்பநிலையைப் பாருங்கள்

சராசரியாக டோக்கியோவில் மார்ச் மாதப் பகல் 14 பாகை, அதிகாலை 5. ஏப்ரலில் பகல் 19, அதிகாலை 10. சோலில் மார்ச் பகல் 11, அதிகாலை 2. ஏப்ரலில் 18க்கும் 8க்கும் இடையில். நமக்கு நள்ளிரவிலேயே 25 பாகை என்பதால் இந்த எண்கள் எல்லாமே ஒரே மாதிரி குளிராகத் தோன்றும். தோன்றினாலும், கவனிக்க வேண்டியது பகலுக்கும் காலைக்கும் இடையே உள்ள அந்த 9, 10 பாகை வித்தியாசத்தை. காலை 8 மணிக்குக் கிளம்பும்போது தேவைப்படுவது மதியம் 2 மணிக்குச் சுமையாகிவிடும். மூட்டை கட்டுவதன் சூட்சுமமே இந்த இடைவெளியைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது.

மலைப்பக்கம் போகிறீர்கள் என்றால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 பாகை கழித்துக்கொள்ளுங்கள். ஃபூஜி மலையைப் பார்க்கப் போகும் கவகுச்சிகோ ஏரி கடல் மட்டத்திலிருந்து 830 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டோக்கியோவைவிட அங்கே ஏறக்குறைய 5 பாகை குறைவு. ஹொக்கைடோ தனிக்கதை. மார்ச்சில் சப்போரோவில் இன்னும் பனி கிடக்கும். அங்கே போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டியின் உடைக் கணக்கு பொருந்தாது.

மாதச் சராசரியைக் கொண்டு திட்டம் போடுங்கள். கிளம்ப 5 நாள் இருக்கும்போது வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். வெப்பநிலையோடு காற்றையும் மழையையும் பாருங்கள். 12 பாகையில் காற்று வீசினால் 8 பாகை போலத்தான் இருக்கும்.

4. உடை: தடிமனாக ஒன்று வேண்டாம், மெல்லியதாக மூன்று

முதன்முறை போகிறவர்களின் பெரிய செலவும் பெரிய சுமையும் ஒன்றுதான்: தொடைவரை வரும் தடித்த குளிர்கோட்டு. ரயிலிலும் கடைகளிலும் சூடேற்றி வைத்திருப்பார்கள். ஏறி ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். கழற்றினால் கையில் தூக்கித் திரிய வேண்டும். கழற்றாவிட்டால், வியர்வை ஊறிய உடம்போடு வெளியே வந்து நடுங்க வேண்டும்.

உள்ளடுக்கு, நடு அடுக்கு, வெளி அடுக்கு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடம்போடு ஒட்டி இருக்கும் மெல்லிய வெப்ப உள்ளாடை முதலாவது. யுனிக்லோவின் ஹீட்டெக் போன்றவை இந்த வகைதான். இது சூட்டைத் தக்கவைத்து வியர்வையை வெளியே கடத்தும். இரண்டாவது, கம்பளி ஸ்வெட்டர், ஃப்ளீஸ், அல்லது சுருட்டினால் சின்னப் பைக்குள் அடங்கும், இறகு அடைத்த மெல்லிய டவுன் சட்டை. இதில் சிக்கியிருக்கும் காற்றுதான் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. மூன்றாவது, காற்றும் மழையும் புகாத லேசான வெளிச்சட்டை. இது இல்லாவிட்டால், நடு அடுக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றும் சேர்ந்தும் பெரும்பாலும் ஒரு தடித்த கோட்டைவிட எடை குறைவு. காலையில் மூன்று, மதியம் ஒன்று, இரவில் மறுபடி மூன்று.

ஒரு வாரத்துக்கு நான் சொல்லும் கணக்கு, உடுத்திக்கொண்டு போவதையும் சேர்த்து: வெப்ப உள்ளாடை மேலுக்கு 2, காலுக்கு 1, சட்டை அல்லது டி-சட்டை 3, காற்சட்டை 2, நடு அடுக்கு 1, வெளிச்சட்டை 1, காலுறை 4 சோடி, உள்ளாடை 5, கழுத்துத் துணி 1, காலணி ஒரே ஒரு சோடி. குளிர் தாங்காதவர்கள், அதாவது திரையரங்கக் குளிரூட்டியிலேயே நடுங்குகிறவர்கள், உள்ளடுக்கை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். கோட்டைத் தடிமனாக்க வேண்டாம்.

ஜீன்ஸ் பற்றிக் கேட்பார்கள். ஒரு ஜீன்ஸ் 600, 700 கிராம் வரும். நனைந்தால் ஒரு இரவில் காயாது. பிடித்திருந்தால் ஒன்றைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள். பைக்குள் இரண்டாவது வேண்டாம்.

சேலைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்களும் மாமியார்களும் உண்டு. அவர்களிடம் போய் வாதாடாதீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. பருத்தியும் பட்டும் வேண்டாம். கிரேப், ஜார்ஜெட் போன்ற மெல்லிய, சீக்கிரம் காயும் சேலை இரண்டு போதும். பாவாடைக்கு அடியில் வெப்ப லெக்கிங்ஸ், ரவிக்கைக்கு உள்ளே முழுக்கை உள்ளாடை, காலுறையோடு மூடிய காலணி. கரையை வழக்கத்தைவிட இரண்டு விரல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள், மழையில் நனையாது. குர்தாவும் லெக்கிங்ஸும் பழகியவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். துப்பட்டாவே கழுத்துத் துணியாகிவிடும்.

படத்துக்காக நாளுக்கொரு உடை என்று அடுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குளிரில் எடுக்கும் படங்களில் தெரியப்போவது வெளிச்சட்டை மட்டும்தான். உள்ளே எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. வித்தியாசம் வேண்டுமென்றால் 100 கிராம்கூட வராத இன்னொரு கழுத்துத் துணியை வேறு நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. துவைக்கும் நாளை இப்போதே குறித்துவிடுங்கள்

மேலே சொன்ன கணக்கு நடுவில் ஒருமுறை துவைத்தால்தான் நிற்கும். துவைக்கும் நாளை முன்பே முடிவு செய்யாதவர்கள் பயத்தில் பத்து நாளுக்கும் பத்து எடுத்துவிடுகிறார்கள்.

ஜப்பானில் பிசினஸ் ஹோட்டல்கள் பலவற்றில் காசு போட்டு இயக்கும் துணிதுவைப்பு இயந்திரமும் உலர்த்தியும் இருக்கும். முன்பதிவு செய்யும்போதே அது உண்டா என்று பாருங்கள். மூன்றாம் அல்லது நான்காம் நாள் மாலை சரியாக இருக்கும். ஊர் மாறுவதற்கு முந்திய இரவில் மட்டும் துவைக்காதீர்கள். காயாத துணி ஒன்று இருந்தாலும் அதைப் பையில் ஈரத்தோடுதான் கொண்டுபோக வேண்டிவரும்.

சின்னத் துணிகளைக் கையில் அலசலாம். பிழிந்ததும் விடுதித் துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பாதித் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். காயுமா என்ற சந்தேகம் வீவக அடுக்குமாடி வீட்டில் மூங்கில் கழியில் துணி போட்டு மழையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வருவது இயல்புதான். சூடேற்றிய விடுதி அறையின் காற்று வறண்டிருக்கும். மெல்லிய உள்ளாடைகள் காலைக்குள் காய்ந்துவிடும்.

6. திரவம்: தாராளமாக விடும் சாங்கி, கடைசி வாசலில் பிடிக்கும்

விதி எளிது. ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிக்குள். எல்லாம் சேர்ந்து ஒரு 1 லிட்டர் ஜிப் பைக்குள். இங்கே தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது.

ஒன்று, பார்ப்பது கொள்கலனின் அளவைத்தான். 200 மில்லிப் போத்தலில் கால்வாசி ஷாம்பு இருந்தாலும் அது போகாது. இரண்டு, எது திரவம் என்பதில் குழப்பம். ஊறுகாய், தக்காளித் தொக்கு, ரொட்டியில் தடவும் காயா, சம்பால், பற்பசை, கோடாலித் தைலம் எல்லாமே இதில் அடங்கும். தேங்காய் எண்ணெயும்தான். 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் அங்கே போனதும் சின்ன மூக்குப் போத்தலிலிருந்து வெளியே வராது. வாய் அகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள்.

சாங்கி விமான நிலையத்தின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஏறும் வாசலில்தான் நடக்கும். 4ஆம் முனையத்தில் குடிநுழைவுப் பகுதியை ஒட்டி எல்லாருக்கும் பொதுவாக நடக்கும். அதனால் முதல் மூன்று முனையங்களில் தண்ணீர்ப் போத்தலும் ஊறுகாய்ப் புட்டியுமாக ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய், கடைகளை எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் வாசலில் குப்பைத்தொட்டி முன்னால் நிற்கிறவர்களைப் பார்க்கலாம்.

சோப்பு, ஷாம்பு எடுக்க வேண்டியதில்லை. ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் பல்துலக்கி, இரவு உடைவரை கிடைக்கும். தென்கொரியாவில் மட்டும் கவனம். 2024 மார்ச் முதல் 50 அறைகளும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களை இலவசமாகத் தரக்கூடாது என்ற சட்டம் அங்கே இருக்கிறது. பல்துலக்கியை இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

7. மருந்தும் மின்சாரமும்

மூக்கடைப்புக்கு நாம் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் இருக்கிறது. அது 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே மருந்தாளரிடம் கேட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளைப் பெயர் தெரியும் உறையோடும், மருத்துவர் எழுதிய சீட்டோடும் வையுங்கள். வசந்தத்தில் ஜப்பானில் ஊசியிலை மரங்களின் மகரந்தமும் கொரியாவில் மஞ்சள் தூசியும் பறக்கும். தும்மல் வருகிறவர்கள் முகக்கவசம் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள், எடை ஒன்றும் இல்லை.

பவர்பேங்க் எப்போதும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணிவரை தனி அனுமதி தேவையில்லை. வழக்கமான 20,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர்பேங்க் 74 வாட்-மணி வரும். அளவு அச்சழிந்து போயிருந்தால் வேறொன்றை எடுங்கள். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் பறக்கும்போது அதைப் பயன்படுத்திக் கைப்பேசிக்கு மின்னேற்ற முடியாது. அதனால் கைப்பேசியை வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

ஜப்பானில் தட்டையான இரண்டு முள் செருகி, 100 வோல்ட். கொரியாவில் உருண்டையான இரண்டு முள், 220 வோல்ட். கைப்பேசி மின்னேற்றிகள் 100 முதல் 240 வரை தாங்கும், மாற்றுச் செருகி மட்டும் போதும். இங்கே வாங்கிய குட்டி ரைஸ் குக்கர், கெண்டி, முடி உலர்த்தி எல்லாம் 230 வோல்ட்டுக்குச் செய்தவை. ஜப்பானில் அவை சூடாகவே யோசிக்கும். வீட்டிலேயே இருக்கட்டும்.

8. சாப்பாடு: பொடி போகும், பச்சை இலை போகாது

இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குக் கொண்டுபோகாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் பறிபோகும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே உண்மையிலேயே சிரமம். காய்கறி சூப்பில்கூட மீன் சாறு இருக்கும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி 100 கிராம் எடுங்கள். கன்வீனியன்ஸ் கடைகளில் வெறும் சோறு கிடைக்கும். முறுக்கு, தட்டை எல்லாம் இடம்தான் அடைக்கும், போகும் வழியில் தின்று தீர்க்கும் அளவு போதும்.

9. அடுக்கும் வரிசை

இப்போதுதான் பையைத் திறக்கிறோம். கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள், தோள் பின்னால் இழுபடாது. துணிகளைச் சுருட்டி நிறுத்துங்கள். ஒன்றை உருவினால் மற்றது கலையாது. சோதனையில் வெளியே எடுக்கக் கேட்கும் திரவப் பையும் மின்சாதனங்களும் ஆக மேலே. கடப்பிதழ், மருந்து, பவர்பேங்க், ஒரு சோடிக் காலுறை ஆகியவை சிறு பையில், இருக்கையின் அடியில்.

அதிக எடை உள்ளவற்றை உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள்: காலணி, கனத்த காற்சட்டை, வெளிச்சட்டை. சாங்கிவரை புழுங்கும்தான். எம்ஆர்டி ரயிலில் கையில் வைத்திருங்கள், விமானத்துக்குள் எப்படியும் தேவைப்படும்.

10. எடை போடுங்கள், அப்புறம் வெட்டுங்கள்

கிளம்ப இரண்டு இரவு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். இலக்கு 7 அல்ல, 6 கிலோ. மீதி ஒன்று வழியில் வந்து சேரும் காகிதங்களுக்கும் தின்பண்டங்களுக்கும்.

மிஞ்சினால் இந்த வரிசையில் வெளியே எடுங்கள்: இரண்டாவது காலணி (எப்படியோ பைக்குள் வந்திருக்கும்), துண்டு, நாலாவது சட்டை, கணினி. காலுறையையும் உள்ளடுக்கையும் மருந்தையும் தொடாதீர்கள். அவை லேசானவை, குறைத்தாலும் தராசு நகராது, ஆனால் இல்லாவிட்டால் பயணம் கசக்கும்.

பையை மாட்டிக்கொண்டு மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் நாலு மாடி ஏறிப் பாருங்கள். டோக்கியோ, சோல் சுரங்க ரயில் நிலையங்களில் மின்தூக்கி எங்கோ ஒரு வாசலில்தான் இருக்கும். நாலு மாடி முடியவில்லை என்றால் இன்னும் அரைக்கிலோ குறைக்க வேண்டும்.

11. திரும்பும் எடைக்கும் இன்றே வழி செய்யுங்கள்

பொருள் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. வாங்குவேன் என்று தெரிந்தால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் செக்-இன் எடையை இணையத்தில் முன்பே வாங்குங்கள். விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் கட்டுவதைவிட மலிவு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் துணிப்பை ஒன்றை அடியில் போட்டுவையுங்கள்.

எதை எதில் போடுவது என்பதும் முக்கியம். கொரிய முகப்பூச்சு, ஜப்பானிய சோயா சாஸ் எல்லாம் 100 மில்லிக்கு மேல் என்றால் கையில் கொண்டுவர முடியாது. நகரக் கடையில் வாங்கிய கிம்ச்சியும் கொரியப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. இவை எல்லாம் துணிப்பையில், செக்-இன்னில். துணிகளை அதற்குள் மெத்தையாக வைத்துவிட்டு, உடையக்கூடியதையும் தின்பண்டத்தையும் கைப்பைக்கு மாற்றுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு 500 வெள்ளிவரையான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி இல்லை. ரசீதுகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாங்கியிருந்தால் சாங்கியில் பச்சை வழியில் போகாமல் சிவப்பு வழிக்குப் போய் அறிவித்துவிடுங்கள்.